கஃபே மரோன்: ஒற்றை மரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரோட்ரிக்ஸ் தீவில், ஒரே ஒரு மரமாக மிஞ்சி நின்ற கஃபே மரோனின் கதையைப் பள்ளிகளிலும் தோட்ட ஆர்வலர் கூட்டங்களிலும் பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. முதல் கை உயரும்போதே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட தொனியிலேயே கேள்விகளைத் தொகுத்து, பதிலையும் எழுதிவைத்திருக்கிறேன். கிண்டலாகக் கேட்டவற்றையும் விடவில்லை. சில சமயம் அவற்றில்தான் விஷயமே இருந்தது.

பெயரிலேயே கஃபே இருக்கிறதே, இது காபிச் செடியா? காபி போட்டுக் குடிக்கலாமா?

காபிச் செடி அல்ல, காபியின் குடும்பம். நம் வாசலில் பூக்கும் வெட்சி, தரிசில் முளைக்கும் நுணா, முள்ளோடு நிற்கும் மருக்காரை எல்லாமே அந்தக் குடும்பம்தான். கஃபே மரோன் ஒரு சிறு மரம். பளபளக்கும் பச்சை இலை, நட்சத்திரம் போன்ற ஐந்து இதழ் வெள்ளைப் பூ. தாவரவியலில் அதன் பெயர் ராமோஸ்மேனியா ரோட்ரிகேசி.

'மரோன்' என்பது பிரெஞ்சுக் குடியேற்றத் தீவுகளின் சொல். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிக் காட்டில் ஒளிந்து வாழ்ந்த அடிமைகளை அப்படி அழைத்தார்கள். பிறகு காட்டில் தன்போக்கில் கிடக்கும் எதற்கும் அந்த அடைமொழி ஒட்டிக்கொண்டது. நாம் காட்டாமணக்கு என்பதுபோல அவர்களுக்கு இது காட்டுக் காபி. பெயருக்குப் பின்னால் இவ்வளவு வலி இருப்பது தெரிந்த பிறகு, காபி போடலாமா என்ற கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ரோட்ரிக்ஸ் எங்கே இருக்கிறது? கேள்விப்பட்டதே இல்லையே?

மொரீஷியஸ் நாட்டைச் சேர்ந்த தீவு. மொரீஷியஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர். பரப்பளவு சுமார் 108 சதுர கிலோமீட்டர்தான், 2011-க்கு முந்தைய சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. எரிமலையால் உண்டான மேடு, மிக உயரமான இடமே 400 மீட்டரைத் தொடாது. 2002 முதல் தன்னாட்சி உண்டு. மக்கள் பேசுவது கிரியோல். மீன்பிடிப்பு, மாடு, ஆடு, மக்காச்சோளம், மிளகாய் என்று ஓடும் வாழ்க்கை. தீவின் எலுமிச்சை ஊறுகாய்க்கும் தேனுக்கும் நல்ல பெயர்.

அகணிய தாவரம் என்கிறீர்கள். அரிய தாவரம் என்று சொன்னால் போதாதா?

போதாது, இரண்டும் வேறு. ஒரு செடி பத்து நாடுகளில் இருந்துகொண்டே ஒவ்வோர் இடத்திலும் அரிதாக இருக்கலாம். அகணியம் என்றால் உலகத்திலேயே அந்த ஓர் இடத்தில் மட்டும் இயற்கையாக வளர்வது. நீலகிரியின் சோலைகளில் அப்படிப்பட்ட செடிகள் எத்தனையோ உண்டு.

தீவில் இது இன்னும் கறாரானது. கடல்தான் எல்லை. விதை எப்போதோ காற்றிலோ பறவை வயிற்றிலோ வந்து இறங்கியது, பிறகு பல தலைமுறைகள் அங்கேயே இருந்து வேறொன்றாக மாறிப்போனது. அங்கே அழிந்தால் பக்கத்து மாவட்டத்திலிருந்து பரவி வந்து சேர வழியே இல்லை.

ஒரே ஒரு மரம் என்று சொன்னது யார்? தீவு முழுக்க எண்ணிப் பார்த்தார்களா?

நல்ல சந்தேகம். 1874-ல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் கவனிக்க பிரிட்டனிலிருந்து ஒரு குழு ரோட்ரிக்ஸுக்கு வந்தது. அதில் ஐசக் பேலி பால்ஃபர் என்ற இளம் தாவரவியலாளரும் இருந்தார். வானம் பார்க்க வந்த கூட்டத்தில் தரை பார்க்க வந்தவர். தீவின் செடிகளைத் திரட்டி அவர் எழுதியதுதான் இன்றைக்கும் அடிப்படை ஆவணம். அப்போதே காடு பெரும்பகுதி போய்விட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் தேடிப் போனவர்கள் கண்ணில் கஃபே மரோன் படவில்லை. அழிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

பிறகு 1980 வாக்கில் ஒரு மரம் தெரியவந்தது. அதன் பிறகு எத்தனையோ பேர் தேடியும் இரண்டாவது மரம் கிடைக்கவில்லை. சிறிய தீவு, பெரும்பாலும் வெட்டவெளி, மரத்தை விவரமாக அறிந்த உள்ளூர்க்காரர்கள் வேறு. ஆகவே 'ஒன்றுதான்' என்பது மிகைப்பேச்சு அல்ல. இந்தப் பேரினத்தில் இன்னொரு இனமும் இருந்தது, ராமோஸ்மேனியா ஹெட்டரோஃபில்லா. அதற்கு அந்த ஒற்றை மரமும் வாய்க்கவில்லை, அழிந்தே போனது. முதலில் கிடைத்த மரம் அதுதான் என்றே நினைத்தார்கள். பிறகுதான் தனி இனம் என்று பிரித்தறிந்தார்கள்.

கண்டுபிடித்தது ஒரு பள்ளிக்கூடப் பையனாமே, உண்மையா? கதைக்காகச் சேர்த்ததா?

உண்மை. தீவின் ஆசிரியர் ஒருவர் உள்ளூர்ச் செடிகளைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, கண்ணில் படுவதைக் கொண்டுவாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஒரு பையன் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தான். ஆசிரியருக்குச் சந்தேகம் தட்டியது. மாதிரி லண்டன் கியூ தாவரவியல் பூங்கா வரை போய், செத்துப்போனதாகக் கணக்கெழுதிய செடி என்று உறுதியானது.

மரம் நின்றது அடர்காட்டில் அல்ல, சாலையோரத்தில். எத்தனை பேர் தினமும் அதைக் கடந்து போயிருப்பார்கள்! இந்த இடத்தில் ஆசிரியர்கள் இருக்கும் கூட்டம் என்றால் நான் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்குவேன். வீட்டுப்பாடத்தை நாலு சுவருக்கு வெளியே கொடுத்ததால் கிடைத்த மரம் இது.

இத்தனை காலம் இருந்த மரம் எப்படி ஒன்றாகக் குறைந்தது? ஒரே வரியில் காரணம் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொல்ல முடியாது. காரணங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தவை.

1691-ல் பிரான்சுவா லெகா என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட் அகதி சில தோழர்களுடன் இங்கே வந்து இரண்டு வருடம் தங்கினார். அப்போது தீவில் மரங்கள் நிறைந்திருந்தன, ஆமைகள் மந்தை மந்தையாக மேய்ந்தன, ஆமை முதுகுகளின் மேலேயே நூறு எட்டுக்கு மேல் நடந்து போகலாம் என்று எழுதிவைத்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் அந்த ஆமைகளைக் கப்பல் கப்பலாக ஏற்றி இறைச்சிக்கு மொரீஷியஸ் கொண்டுபோனார்கள். 1800 வாக்கில் தீவின் இரண்டு ராட்சத ஆமை இனங்களும் இல்லை. டோடோவின் உறவான சொலிட்டேர் பறவையும் அதே நூற்றாண்டில் முடிந்துபோனது. பிறகு விவசாயத்துக்குக் காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள். ஆடு, மாடு, பன்றி வந்தன. முளைத்த கன்றை ஆடு கடித்தது, தப்பியதை மாடு மிதித்தது. வெறுமையான நிலத்தில் வெளியூர்ச் செடிகள் புகுந்தன. கிழட்டு மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய, இடத்தை நிரப்பக் குட்டி இல்லை. கோடரியால் வெட்டப்பட்டதைவிடப் பேரப்பிள்ளை இல்லாமல் முடிந்த மரங்கள்தான் அதிகம் இருக்கும் என்பது என் எண்ணம்.

கன்றின் இலை ஒரு மாதிரி, மரத்தின் இலை வேறு மாதிரி என்றீர்களே, அது ஏன்?

இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். வளர்ந்த மரத்தின் இலை அகலமாக, பச்சையாக, நுணா இலையைப்போல் சாதாரணமாக இருக்கும். கன்றின் இலையைப் படத்தில் காட்டினால் யாரும் நம்புவதில்லை. ஒல்லியாக, நீளமாக, காய்ந்த சருகின் பழுப்பு நிறத்தில் தொங்கும். நடுநரம்பில் மட்டும் இளஞ்சிவப்புக் கோடு. பட்டுப்போன செடி என்று பிடுங்கி எறியத் தோன்றும்.

அந்த எண்ணம் மேய்கிற ஆமைக்கும் தோன்றட்டும் என்றுதான் அந்த வேடம் என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். ஆமைக்குக் கழுத்து எட்டும் உயரம் ஓர் அளவுக்குத்தான். அதைத் தாண்டி வளர்ந்ததும் செடி பச்சை இலைக்கு மாறிக்கொள்கிறது. மொரீஷியஸ் பகுதித் தீவுகளில் இப்படி இரட்டை இலை உள்ள செடிகள் வேறு பலவும் உண்டு. அல்டாப்ரா ராட்சத ஆமைகளுக்கு இருவகை இலையையும் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளிவந்தது. ஆமைகள் முதிர்ந்த செடியின் இலையையே அதிகம் விரும்பித் தின்றன. ஆட்டிடம் இந்த உபாயம் எடுபடவில்லை. ஆமைகள் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஒவ்வொரு கன்றும் பழுப்பு இலையைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறது.

கண்டுபிடித்த பிறகு உள்ளூர்க்காரர்களே அதை வெட்டினார்களாமே? இவ்வளவு அறியாமையா?

வெட்டினார்கள். மரம் கிடைத்த செய்தி பரவியதும், கூடவே அதன் இலையும் பட்டையும் பால்வினை நோயைத் தீர்க்கும், குடித்த மறுநாள் தலைவலியைப் போக்கும் என்ற பேச்சும் பரவியது. கிளையாக, இலையாக ஒடித்துக்கொண்டு போனார்கள். வேலி போட்டதும் கூட்டம் இன்னும் கூடியது. இத்தனை பாதுகாப்பு என்றால் மருந்து எத்தனை வீரியமானதாக இருக்க வேண்டும்! வேலியைச் சுற்றி இன்னொரு வேலி, அதைச் சுற்றி மற்றொன்று என்று போனது. ஒரு கட்டத்தில் மரம் கிட்டத்தட்ட மொட்டையாகி, அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது.

அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. தீவில் மூலிகை வைத்தியம் பரம்பரையாக வருவது, அவர்களுக்கு அது திடீர் மோகமல்ல. டெங்கு என்ற பேச்சு எழுந்ததும் நிலவேம்புக்காக நாம் வரிசையில் நின்றதை நினைத்துப் பாருங்கள். நிலவேம்பு மட்டும் நாட்டில் ஒரே ஒரு செடியாக இருந்திருந்தால் அதன் கதி என்ன?

அப்படியானால் யாரிடமும் சொல்லாமல் ரகசியமாக வைத்திருக்கலாமே?

வைத்திருக்கலாம். பல நாடுகளில் அரிய ஆர்க்கிட்களின் இடத்தை இன்றைக்கும் வெளியே சொல்வதில்லை. ஆனால் இந்த மரம் சாலையோரத்தில் நின்றது என்பதை மறக்க வேண்டாம். யாருக்கும் சொல்லாமல் விட்டிருந்தால் ஒரு நாள் சாலையை அகலப்படுத்துகிறவர் வெட்டியிருப்பார், அல்லது ஒரு மாடு முடித்திருக்கும். தெரியாததால் வரும் ஆபத்து, தெரிந்ததால் வரும் ஆபத்து, இரண்டில் எது பெரிது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது எளிது.

என் கருத்தைக் கேட்டால், தவறு சொன்னதில் இல்லை, சொன்ன வரிசையில் இருந்தது. முதலில் போத்துகள், அதாவது நடுவதற்கான கிளைத் துண்டுகள், எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, உள்ளூர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு, பிறகு செய்தியாக்கியிருக்க வேண்டும்.

ஒரு கிளையை வெட்டி நட்டால் வேலை முடிந்தது. இதற்கு இத்தனை நாடகம் எதற்கு?

வீட்டுத் தோட்டக்காரர்கள் தவறாமல் கேட்பது இது. நானும் மாடியில் வெட்சிப் போத்து பத்து நட்டு, மூன்று துளிர்த்த ஆள். மிச்சம் ஏழு கறுத்து அழுகியபோது எனக்குக் கவலை இல்லை, நர்சரியில் வேறு கன்று கிடைக்கும். உலகத்தில் ஒரே மரம், அதுவும் பிய்க்கப்பட்டு இளைத்த மரம் என்றால் ஒரு போத்து வெட்டுவதற்கே கை நடுங்கும்.

1986-ல் சில போத்துகளை வெட்டி, விமானத்தில் ஏற்றி, ஒரு நாளுக்குள் கியூவில் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று மட்டும் வேர் பிடித்தது. அந்த ஒன்றிலிருந்து மேலும் போத்துகள் எடுத்துக் கண்ணாடிக் கூடத்தில் பெருக்கினார்கள். அன்றோடு ஓர் ஆபத்து நீங்கியது. ஒரு புயலோ ஒரு கத்தியோ இந்த இனத்தையே முடித்துவிட முடியாது. ஆனால் போத்தில் வந்தவை எல்லாம் அதே மரம்தான். நூறு தொட்டியில் வைத்தாலும் எண்ணிக்கை ஒன்று. விதை வேண்டும்.

பூக்கிறது என்கிறீர்கள். பூத்தால் காய்க்காதா?

கியூவில் அது வருடக்கணக்காகப் பூத்தது, நன்றாகவே பூத்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை. மகரந்தத்தை எடுத்து, பூவின் நடுத்தண்டு உச்சியான சூல்முடியில் தடவிப் பார்த்தார்கள். பூ வாடி விழுந்தது, அவ்வளவுதான்.

மகரந்தம் சூல்முடியில் ஒட்டினால் மட்டும் போதாது. அங்கே முளைவிட்டு, மெல்லிய குழலாகத் தண்டுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சூலைத் தொட வேண்டும். கஃபே மரோன் பூவில் அந்த வாசலே அடைத்துக் கிடந்தது. பூ பார்வைக்கு இருபால் பூவாக இருந்தாலும் நடைமுறையில் ஆண் பூவாகவே வேலை செய்தது. பெண் துணை தேவைப்படும் செடி, ஆண் மரமாக ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. பதினேழு வருடம் இப்படியே போனது.

பிறகு எப்படிக் காய்த்தது? கத்தி வைத்தார்கள் என்று எங்கோ படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். கார்லோஸ் மக்டலேனா என்ற ஸ்பானியர் கியூவில் சேர்ந்த புதிதில், 2003-ல், இதைக் கையில் எடுத்தார். அடைத்த வாசலைத் திறக்க முடியாவிட்டால் வாசலையே எடுத்துவிடலாம் என்பது யோசனை. பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் உச்சியைக் கூரிய கத்தியால் சீவினார். வெட்டிய வாயில் ஈரம் கசியும், அதன்மேல் மகரந்தத்தை வைத்தார். பூவுக்குப் பூ இதே வேலை. பெரும்பாலானவை விழுந்தன. கடைசியில் ஒரு பூவின் அடிப்பகுதி வாடாமல் பச்சையாகவே நின்று, பருத்து, காயானது. உள்ளே சில விதைகள்.

அவர் கண்டது இன்னொன்றும் உண்டு. கண்ணாடிக் கூடத்தில் நல்ல வெப்பம் படும் இடத்திலிருந்த செடிகளே காய்க்க இசைந்தன. அந்த வருடக் கோடையில் ஐரோப்பாவே வெந்துபோனது நினைவிருக்கலாம். வெப்பமும் வெட்டும் சேர்ந்து வேலை செய்தன. முதல் விதைகளில் எல்லாம் தேறவில்லை, ஆனால் வழி தெரிந்துவிட்டது. மீண்டும் மீண்டும் செய்து விதைகளைக் கூட்டினார்கள். விதையில் வந்த செடிகள் சில பூத்தபோது, பூவின் அமைப்பே மாறியிருந்தது. சூல்முடி நன்றாக வளர்ந்து, கத்தியின் உதவி இல்லாமல் காய்க்கும் பூக்கள். முந்தைய பதிலில் சொன்ன பெண் துணை, அந்த ஆண் மரத்தின் வித்திலிருந்தே வந்துவிட்டது.

எல்லாம் ஒரே மரத்தின் பிள்ளைகள். நெருங்கிய உறவுக்குள் கலந்தால் கோளாறு வராதா?

வரலாம். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நான் சீட்டுக்கட்டைச் சொல்வேன். கையில் இருக்கும் சீட்டுகளை எத்தனை முறையும் கலைத்துப் போடலாம். விழும் வரிசை மாறும், புதுச் சீட்டு வராது. ஒரு காலத்தில் தீவு முழுக்க இருந்த மரங்களில் இந்த இனத்துக்கு எத்தனையோ சீட்டுகள் இருந்திருக்கும். நோயைத் தாங்கும் சீட்டு, வறட்சியைத் தாங்கும் சீட்டு. அவை போனது போனதுதான்.

அதனால்தான் விதைச் செடிகளைப் போத்துச் செடிகளுக்கு மேலாக மதிக்கிறார்கள். உள்ள சீட்டுகளையாவது விதவிதமாகக் கலைத்துப் பார்க்கலாம். நோஞ்சான் கன்றுகள் சாகும், தெம்புள்ளவை நிற்கும். தீவுச் செடிகளுக்கு ஒரு சின்ன சாதகமும் உண்டு. ஆதியில் ஒன்றிரண்டு விதையிலிருந்து தீவில் பரவிய வம்சங்கள்தான் பெரும்பாலும் இவை. குறுகிய வாசலில் நுழைந்து வருவது இவற்றுக்குப் புதிதல்ல.

விதை கிடைத்துவிட்டது, கன்றும் வந்துவிட்டது. தீவில் கொண்டுபோய்த் தூவிவிட வேண்டியதுதானே?

எங்கே தூவுவது? ஆறாவது கேள்வியில் சொன்ன ஆடும் மாடும் இன்னும் அங்கேதான் மேய்கின்றன. வெளியூர்ச் செடிகளும் நகரவில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்தால் நமக்குத் தெரிந்த முகங்களாகவே இருக்கும்: சூபாபுல், உண்ணிச்செடி, கூடவே நம் கருவேலமும். சீமைக்கருவேலத்தைத் திட்டித் தீர்க்கும் நமக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. ஏரிக்கரையில் நாம் மதிக்கும் நாட்டுக் கருவேலம் ரோட்ரிக்ஸில் இடம் பிடிக்கும் முரடன்.

ஆகவே வேலை விதையில் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. கிராண்ட் மொன்தான், அன்ஸ் கிட்டோர் என்ற இரண்டு காப்பகங்களில் மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளையும் தீவின் வனத்துறையும் வேலி போட்டு, வெளியூர்ச் செடிகளைக் கையால் பிடுங்கி, உள்ளூர் மரங்களை நட்டு வருகிறார்கள். பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்கும், மறுபடி பிடுங்க வேண்டும். புகைப்படம் எடுக்க எதுவும் இல்லாத வேலை. கியூவிலிருந்து திரும்பி வந்த கஃபே மரோன் விதைகளும் கன்றுகளும் தீவின் நாற்றங்காலில் வளர்ந்து இப்படிச் சுத்தம் செய்த இடங்களுக்குத்தான் போகின்றன.

ஆமைகளைத் திரும்பக் கொண்டுவந்தால் காடு தானாகச் சரியாகிவிடுமா?

கொண்டுவந்திருக்கிறார்கள். 2007-ல் திறந்த பிரான்சுவா லெகா காப்பகத்தில் அல்டாப்ரா ராட்சத ஆமைகள் திரிகின்றன, நடப்பட்ட உள்ளூர் மரங்களும் ஆயிரக்கணக்கில் வளர்கின்றன. ரோட்ரிக்ஸின் சொந்த ஆமைகள் இல்லை. இவை தூரத்து உறவு, அதே வேலையைச் செய்யக்கூடியவை. பழத்தைத் தின்று விதையைப் பரப்பும், களையை மேயும். இரட்டை இலைச் செடிகளுக்கு இது நியாயமான ஏற்பாடு, அவற்றுக்குத்தான் ஆமையைச் சமாளிக்கத் தெரியுமே. ஆனால் தானாகச் சரியாகாது. உண்ணிச்செடியை எந்த ஆமையும் முழுதாகத் தீர்த்துவைக்காது.

ஒரு மரத்துக்கு இத்தனை செலவா? அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே?

நியாயமான கேள்வி, கோபப்பட மாட்டேன். ஆனால் அந்தப் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போக இருந்து இந்தப் பக்கம் திரும்பிய பணம் அல்ல. ஒரு பூங்காவின் ஊழியர் சம்பளமும், கண்ணாடிக் கூடத்தின் ஒரு மூலையும், சில விமானப் பெட்டிகளும்தான். தீவில் ஆகும் செலவு பெரும்பாலும் கூலி. களை பிடுங்குவதும் நாற்று வளர்ப்பதும் உள்ளூர் ஆட்களின் வேலை.

அது போகட்டும். காப்பகத்தில் வேலி போடுவது கஃபே மரோனுக்கு மட்டும் அல்ல. அதே வேலிக்குள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோன ரோட்ரிக்ஸ் செம்பருத்தியும், வேறெங்கும் இல்லாத பனை வகைகளும் நிற்கின்றன. மண் கடலுக்கு ஓடாமல் நிற்கிறது. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள தீவில் அது லேசான லாபம் இல்லை.

உயிரினங்கள் தோன்றுவதும் அழிவதும் இயற்கைதானே? ஏன் குறுக்கே போகிறீர்கள்?

ஆமையைக் கப்பலில் ஏற்றியது இயற்கை அல்ல, ஆட்டை இறக்கியதும் அல்ல. குறுக்கே போனது 1700-களிலேயே நடந்துவிட்டது. நாம் இப்போது செய்வது பின்வாங்குவது.

இதெல்லாம் வெற்றி பெறும் என்பதற்கு என்ன அத்தாட்சி?

அதே தீவில் ஒரு வௌவால் இருக்கிறது. தங்க நிறப் பழந்தின்னி வௌவால், தீவின் ஒரே சொந்தப் பாலூட்டி. காடு போய், புயல் அடித்து, 1970-களில் நூறுக்கும் கீழே இறங்கியது. வனவுயிர்ப் பாதுகாவலர் ஜெரால்ட் டரல் 1976-ல் வந்து சிலவற்றைப் பிடித்துக்கொண்டுபோய் வளர்ப்பிடங்களில் பெருக்கினார். தீவிலேயே மரங்கள் நடப்பட்டன. இப்போது இருபதாயிரம் அளவில் இருக்கிறது. மரத்துக்கு இந்த வேகம் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எதிர் உதாரணமும் உண்டு. மொரீஷியஸின் குரேபீப் பூங்காவில் ஹயோஃபோர்பி அமரிகாலிஸ் என்ற பனை ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது, உலகில் வேறு இல்லை. ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் உண்டு. இரண்டும் ஒரே சமயத்தில் பக்குவப்படுவதில்லை. பனைக்குப் போத்தும் எடுக்க முடியாது. ஒற்றை மரம் என்ற வகையில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் கஃபே மரோனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அந்தப் பனைக்கு இன்னும் வாய்க்கவில்லை.

இதில் தமிழர் சம்பந்தம் ஏதாவது உண்டா?

எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். உண்டு, ஒரு பெயரளவில். ராமோஸ்மேனியா என்ற பேரினத்தை 1982-ல் விவரித்த இருவரில் ஒருவர் மொரீஷியஸ் தாவரவியலாளர் திருவேங்கடம். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சற்று மாறியிருந்தாலும் பெயர் எங்கிருந்து கப்பலேறியது என்பது தெளிவு. ரோட்ரிகேசி இனத்துக்கு 1989-ல் பெயர் சூட்டியதும் அவரே. தாவரவியல் வழக்கப்படி செடியின் பெயரோடு அவர் பெயரின் சுருக்கமும் ஒட்டிக்கொண்டே வரும். இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

எனக்கு ஒரு கன்று கிடைக்குமா? பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன்.

கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நம் ஊர்ப் பூச்சியும் பூஞ்சையும் தொற்றிய ஒரு செடியை யாராவது ஆர்வத்தில் தீவுக்குத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கியூவிலிருந்து போவதே சோதனைகளைத் தாண்டித்தான் போகிறது.

கை அரிக்கிறது என்றால் மருக்காரை விதையை முளைக்கவைத்துப் பாருங்கள். அதே குடும்பம், நம் மண்ணின் செடி, நம் புதர்க்காடுகளில் நிற்பது. பழுத்த காயை உடைத்து, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மணல் கலந்த மண்ணில் போடுங்கள். தொட்டியை ஆட்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.